ஒன்றுபோல் தோன்றும் சிறு அந்துப்பூச்சிகள்: இனங்காணலும் பதிவுசெய்தலும்

பயிர்ப் பாதுகாப்புக்கென ஒதுக்கப்படும் பணம் எந்தப் பூச்சியின்மேல் செலவிடப்படுகிறது? எளிய வினாதான். ஆனால் இதற்கு விடை கூற முற்படும்போது, நிதி ஒதுக்கீட்டு ஆவணங்களிலிருந்து மாவட்ட அறிக்கைக்கும், அங்கிருந்து வட்டாரப் பதிவேட்டிற்கும், முடிவில் ஒரு விளக்குப்பொறியின் அடியில் விழுந்து கிடக்கும் சில வெளிறிய பூச்சிகளுக்கும் நாம் வந்து சேர்கிறோம். அப்பூச்சிகளுக்கு அன்று காலை ஒரு களப்பணியாளர் என்ன பெயர் எழுதினாரோ, அதுவே அறிக்கைகளின் வழியே மேலேறிச் சென்று, பரிந்துரையாகவும் மருந்துக் கொள்முதலாகவும் உழவருக்குக் கூறும் அறிவுரையாகவும் உருவெடுக்கிறது. அடியில் எழுதிய பெயர் தவறானால் அதன்மேல் கட்டப்படும் கணக்கு அனைத்தும் தவறாகும்.

பூச்சியியல் வல்லுநர்களுக்கு உரிய துறையில் பொருளியல் பயின்ற ஒருவர் எழுத முற்படுவது இக்காரணத்தினாலேயே. இனங்காணல் உயிரியலின் ஒரு கிளை. அதே சமயம் அது புள்ளிவிவரத்தின் முதற்படியுமாகும். எண்ணப்படும் பொருள் எது என்று வரையறுக்காமல் எண்ணத் தொடங்குவது எந்தக் கணக்கெடுப்பிலும் ஏற்கத்தக்கதன்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'குடும்பம்' என்பதை வரையறுக்கிறோம். தொழிற்கணக்கெடுப்பில் 'தொழிற்சாலை' என்பதை வரையறுக்கிறோம். பூச்சிக் கணக்கெடுப்பில் 'இனம்' என்பதே அலகு. அந்த அலகைக் காக்கும் முறைகளை மாணவர்களும் அலுவலர்களும் அறிந்துகொள்வதற்கு உதவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

சிக்கலின் தன்மை

வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் சேர்ந்த செதிற்சிறகிகள் வரிசையில், உலகெங்கும் ஏறத்தாழ 1,60,000 இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை அந்துப்பூச்சிகளே. அவற்றிலும் சிறகு விரித்த நிலையில் 1 முதல் 3 சென்டிமீட்டர் அளவேயுள்ள சிறு அந்துக்களை இனம் பிரிப்பதுதான் மிகக் கடினம். அவற்றின் நிறம் பெரும்பாலும் வெண்மை, வைக்கோல் மஞ்சள், சாம்பல், பழுப்பு ஆகிய நான்கினுள் அடங்கிவிடுகிறது. அந்நிறமும் சிறகின்மேல் ஓடுகள்போல் அடுக்கப்பட்ட நுண்செதில்களால் ஆனது. பொறிக்குள் ஓர் இரவு சிறகடித்த பூச்சியின் செதில்கள் உதிர்ந்துவிடுகின்றன. செதில் உதிர்ந்தால் அடையாளமும் உதிர்கிறது.

நம் நாட்டின் அந்துப்பூச்சிகளை ஒழுங்குபடுத்தி எழுதும் பணி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிற்று. ஜார்ஜ் ஹாம்சன் எழுதிய அந்துப்பூச்சிகள் பற்றிய 4 தொகுதிகள் 1892 முதல் 1896 வரை வெளிவந்தன. மிகச் சிறிய அந்துக்களைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்த எட்வர்டு மெய்ரிக் என்பவர் பெயரே முதலில் நிற்கிறது. பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பேரரசுப் பூச்சியியலாளராகப் பணியாற்றிய பெயின்பிரிக் பிளெட்சர் போன்றோர் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்து, ஆயிரக்கணக்கான இனங்களுக்கு அவர் பெயரிட்டார். எனினும் மெய்ரிக் கை உருப்பெருக்கியையே பெரிதும் நம்பினார். இனப்பெருக்க உறுப்புகளை அறுத்து ஆராயும் முறையை அவர் கைக்கொள்ளவில்லை. அவருடைய மூலமாதிரிகளின் உறுப்பமைப்பை வரைந்து விளக்கும் பணியைப் பிற்காலத்தில் கேட்ஸ் கிளார்க் மேற்கொண்டு, 1955 முதல் 8 தொகுதிகளாக வெளியிட வேண்டியிருந்தது. பெயரிடுதல் ஒரு தலைமுறையின் பணி. அப்பெயரைச் சரிபார்த்தல் அடுத்த தலைமுறையின் பணி. மாதிரிகள் பாதுகாக்கப்பட்டிருந்தமையால்தான் இரண்டாவது பணி இயலுவதாயிற்று.

முதல் எடுத்துக்காட்டு: கரும்பும் நெல்லும்

கரும்பின் நுனிக் குருத்தைத் துளைக்கும் பூச்சி வட இந்தியக் கரும்பு வட்டாரங்களில் நெடுங்காலமாக அறியப்பட்டது. தாய்ப்பூச்சி பளபளக்கும் வெண்மை நிறமுடையது. பெண்பூச்சியின் வயிற்று நுனியில் செம்மஞ்சள் மயிர்க்கற்றை காணப்படும். நம் நாட்டு நூல்களிலும் அறிக்கைகளிலும் இது பல பத்தாண்டுகள் சிர்ப்போபேகா நிவெல்லா என்ற பெயரால் குறிக்கப்பட்டு வந்தது. 1794-இல் பாப்ரிசியஸ் என்பவர் வைத்த பெயர் அது. 1981-இல் தாய்லாந்தைச் சேர்ந்த அங்கூன் லெவானிச் இப்பேரினம் முழுவதையும் மறு ஆய்வு செய்து வெளியிட்டார். அதன்பின், நம் கரும்பைத் தாக்கும் பூச்சிக்குரிய பெயர் 1863-இல் வாக்கர் என்பவர் இட்ட சிர்ப்போபேகா எக்சர்ப்டாலிஸ் என்பது நிலைபெற்றது. நிவெல்லா என்பது வேறோர் இனம்.

இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான் நெல்லின் மஞ்சள் தண்டுத் துளைப்பான். இதன் பெண்பூச்சியை ஐயமின்றி அறியலாம்: மஞ்சள் நிற முன்சிறகு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி இருக்கும். ஆனால் ஆண்பூச்சி சிறியது, வெளிறிய பழுப்பு நிறமுடையது. அதன் நடுப்புள்ளி தெளிவற்றது. அறியாதவர் ஆணையும் பெண்ணையும் இரு வேறு இனங்களாக எழுதிவிடுவர். ஆக, இரண்டு இனங்களை ஒன்றாக எண்ணும் பிழை ஒருபுறமும், ஓர் இனத்தை இரண்டாக எண்ணும் பிழை மறுபுறமும் நிகழ இடமுண்டு. இந்தோனேசியாவின் சாவகத் தீவில் நெல்லுக்குப் பெருங்கேடு விளைத்துவந்த வெள்ளைத் தண்டுத் துளைப்பானும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே. புள்ளியற்ற வெண்ணிறச் சிறகுடைய அதனையும் கரும்புப் பூச்சியையும் தனித்தனியே ஒரு விளக்கொளியில் கண்டால் எது எதுவெனச் சொல்வது எளிதன்று.

நெல்லும் கரும்பும் அடுத்தடுத்த வயல்களில் பயிராகும் பகுதிகள் நம் நாட்டில் பல உள்ளன. அங்கு இரு வயல்களுக்கும் நடுவே வைக்கப்பட்ட விளக்குப்பொறியில் வெண்ணிற அந்துக்கள் வந்து விழுகின்றன. எந்த வயலுக்கு எச்சரிக்கை விடுப்பது? மஞ்சள் தண்டுத் துளைப்பான் நெல்லையே சார்ந்து வாழ்வது. நுனிக் குருத்துப் பூச்சி கரும்புக்குரியது. ஒட்டுண்ணி விடுவதிலும் வேறுபாடு உண்டு. நெல் தண்டுத் துளைப்பானின் முட்டைகளுக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் விடப்படுகிறது. கரும்பின் இடைக்கணுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் பரிந்துரைக்கப்படுகிறது. பெயர் மாறினால் பரிந்துரையும் மாறுகிறது.

பழைய அறிக்கைகளைப் படிப்போர்க்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. நெல்லின் மஞ்சள் துளைப்பான் ஒரு காலத்தில் ஷோனோபியஸ் என்ற பேரினத்திலும், பின்னர் டிரைப்போரைசா என்ற பேரினத்திலும், இப்போது சிர்ப்போபேகாவிலும் வைக்கப்பட்டுள்ளது. மூன்று பெயர்களும் ஒரே பூச்சியையே சுட்டுகின்றன. கரும்பிலோ நிவெல்லா, எக்சர்ப்டாலிஸ் என்ற இரு பெயர்களும் இரு வேறு இனங்களுக்கு உரியவை. ஆயினும் நம் நாட்டு அறிக்கைகளில் அவை ஒரே பூச்சியைக் குறித்தன. இவ்வேறுபாட்டை அறியாமல் 1970-ஆம் ஆண்டு அறிக்கையையும் 1990-ஆம் ஆண்டு அறிக்கையையும் ஒப்பிடுபவர், ஒரு பூச்சி மறைந்து மற்றொன்று புதிதாகத் தோன்றிவிட்டது என்று முடிவுகட்டக்கூடும். மாறியது பெயர் மட்டுமே.

நெல் இலைச் சுருட்டுப் புழுவின் வரலாறும் இத்தகையதே. ஒரே பூச்சி என்று கருதி எழுதப்பட்டதில் நெருங்கிய சில இனங்கள் கலந்திருந்தன. அவற்றுள் ஒன்றான பட்னாலிஸ் என்பது 1981-இல்தான் பிராட்லி என்பவரால் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட எண்ணிக்கைகளை இன்று இனவாரியாகப் பிரிக்க வேண்டுமானால், அன்று சேகரித்த பூச்சிகள் எங்கேனும் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் அந்த எண்கள் என்றென்றும் பிரிக்க இயலாதவையே.

இரண்டாவது எடுத்துக்காட்டு: தக்காளியும் உருளைக்கிழங்கும்

உருளைக்கிழங்கு அந்துப்பூச்சி 1906-ஆம் ஆண்டளவில் இத்தாலியிலிருந்து வந்த விதைக்கிழங்குடன் பம்பாய் மாகாணத்தில் நுழைந்தது. நூறாண்டுகளுக்கும் மேலாக நம் கிடங்குகளில் அது பழகிய பகையாகிவிட்டது. 2014-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மகாராட்டிரத்திலும் கர்நாடகத்திலும் தக்காளிப் பயிரில் அதன் நெருங்கிய உறவினம் ஒன்று கண்டறியப்பட்டது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டு, 2006-இல் ஸ்பெயினில் நுழைந்து, அங்கிருந்து மத்தியதரைக் கடல் நாடுகளிலும் ஆசியாவிலும் பரவிய தக்காளி இலைத் துளைப்பான் அது.

இதற்கு மெய்ரிக் 1917-இல் பெரு நாட்டு மாதிரியைக்கொண்டு தோரிமியா அப்சொலூட்டா என்று பெயரிட்டார். பின்னர் வேறு பேரினங்களுக்கு மாற்றப்பட்டு, 1994 முதல் டூட்டா அப்சொலூட்டா என்றே உலகெங்கும் வழங்கிற்று. 2021-இல் வெளிவந்த ஆய்வு அதனை மீண்டும் தோரிமியாவிலேயே சேர்த்துள்ளது. உருளைக்கிழங்கு அந்துப்பூச்சியும் அப்பேரினத்தையே சார்ந்தது. எனவே இவ்விரண்டும் ஒத்திருப்பதில் வியப்பில்லை. இரண்டும் சாம்பற்பழுப்பு நிறமுடையவை. தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி ஆகிய ஒரே குடும்பப் பயிர்களில் காணப்படுபவை. இரண்டின் புழுக்களும் இலையின் இரு தோல்களுக்கிடையே அரித்துத் தின்பவை.

வேறுபாடுகள் இல்லாமலில்லை. தக்காளிப் பூச்சி சிறகு விரித்த நிலையில் 8 முதல் 10 மில்லிமீட்டர் அளவுடையது. கிழங்குப் பூச்சி 12 முதல் 16 மில்லிமீட்டர். கிழங்குப் பூச்சியின் பெண், சிறகை மடித்து அமர்ந்திருக்கும்போது முதுகின்மேல் பெருக்கற்குறி போன்ற கருநிறத் தடம் தெரியும். ஆயினும் சிறகுச் செதில் உதிர்ந்த பூச்சியில் இவை பயன்படா. வளர்ந்த புழு இவ்வகையில் சிறந்த சான்று. தலைக்கு அடுத்துள்ள முதற்கண்டத்தின் மேல்தகடு கிழங்குப் புழுவில் முழுவதும் கரும்பழுப்பாக இருக்கும். தக்காளிப் புழுவில் அத்தகடு வெளிறியிருக்க, அதன் பின்னோரத்தில் மட்டும் குறுகிய கருநிறப் பட்டை காணப்படும். நல்ல உருப்பெருக்கி ஒன்று இருந்தால் வயலிலேயே இதனைக் காணலாம்.

இவ்வேறுபாட்டின் பொருளாதார விளைவு சிறியதன்று. கிழங்குப் பூச்சியைக் கட்டுப்படுத்தக் கிழங்குகள் மண்ணுக்கு வெளியே தெரியாமல் மண் அணைப்பதும், கிடங்கைத் தூய்மையாக வைப்பதும் முதன்மையானவை. தக்காளிப் பூச்சிக்கோ, நாற்றங்காலைக் காப்பதும், தாக்குண்ட காய்களை அழிப்பதும், பூச்சியேறிய நாற்றும் காயும் வேற்றிடம் செல்லாமல் தடுப்பதும் இன்றியமையாதவை. மேலும், அயல்நாட்டுப் பூச்சி ஒன்று முதன்முதலில் எங்கே, எப்போது வந்தது என்பது தாவரத் தொற்றுத்தடுப்பு நடவடிக்கைக்கு அடிப்படை. புதிதாக வந்ததைப் பழகியதென்று எண்ணிப் பழைய பெயரிலேயே எழுதினால், பரவலைத் தடுக்கக்கூடிய முதற்பருவம் கைநழுவிப் போகும்.

எண்ணிக்கையில் நுழையும் பிழை

கலப்புப் பிழை புள்ளிவிவரத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஓர் ஊரில் 30 இரவுகளில் விளக்குப்பொறியில் 240 வெண்ணிற அந்துக்கள் கிடைத்தன எனக் கொள்வோம். அவற்றுள் உண்மையில் 180 கரும்புப் பூச்சிகள். எஞ்சிய 60 பிற இனங்கள். மறு ஆண்டு அதே காலத்தில் மீண்டும் 240 கிடைத்தன. இம்முறை கரும்புப் பூச்சிகள் 90, பிற இனங்கள் 150. பதிவேடு இரண்டு ஆண்டுகளையும் 240 என்றே காட்டும். கரும்புப் பூச்சி பாதியாகக் குறைந்தது மறைந்துபோகும். இடையில் ஒட்டுண்ணி விடும் திட்டம் ஒன்று நடைபெற்றிருந்தால், அது பயனற்றதென மதிப்பிடப்பட்டு நிதி நிறுத்தப்படவும் கூடும். இதற்கு நேர்மாறாக, பிற இனங்கள் தற்செயலாகக் குறைந்த ஆண்டில், பயனற்ற மருந்து ஒன்று வெற்றி பெற்றதாக எண்ணப்படவும் இடமுண்டு.

எல்லாப் பூச்சிகளையும் அறுத்துப் பார்க்க வேண்டுமோ என்ற ஐயம் எழலாம். தேவையில்லை. கூறெடுப்பு முறை இங்குக் கைகொடுக்கிறது. 240-இல் 20 பூச்சிகளை எவ்விதத் தெரிவுமின்றி எடுத்து ஆராய்ந்து, 15 கரும்புப் பூச்சிகள் எனக் கண்டால், விழுக்காடு 75. மொத்த மதிப்பீடு 180. ஆனால் 20 என்ற சிறு கூற்றில் திட்டப்பிழை ஏறத்தாழ 10 விழுக்காட்டுப் புள்ளிகள். ஆகவே உண்மை நிலை 55-க்கும் 95-க்கும் இடையே எங்கும் இருக்கலாம். கூற்றை 80 ஆக உயர்த்தினால் பிழை ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. நான்கு மடங்கு உழைப்புக்கு இரு மடங்கு துல்லியம் என்ற இவ்விதியை மனத்திற்கொண்டு, எத்தனை பூச்சிகளை ஆராய்வது என்பதை அலுவலர் முன்னரே முடிவு செய்யலாம்.

கூறெடுக்கும்போது சிதையாத, அழகிய பூச்சிகளை மட்டும் பொறுக்கி எடுத்தல் கூடாது. எளிதில் செதில் உதிரும் இனமும் சிறிய ஆண்பூச்சிகளும் அதனால் கணக்கிலிருந்து விடுபட்டுப்போகும்.

இனங்காணும் படிகள்

முதற்படி, உணவுப்பயிரையும் சேதத்தின் தன்மையையும் குறித்தல். நெற்பயிரில் நடுக்குருத்து காய்தல், வெண்கதிர் தோன்றல். கரும்பில் விரிந்த இலைகளில் வரிசையாகத் துளைகள், நுனியில் பக்கக் குருத்துகள் கொத்தாகக் கிளைத்தல் ஆகியவை முதற்சான்றுகள். தக்காளி இலையில் நெளிந்து செல்லும் மெல்லிய வெண்கோடு பெரும்பாலும் ஈயின் புழுவால் ஆனது. அகன்ற திட்டாக அரிக்கப்பட்டிருந்தால் அந்தின் புழு என ஐயுறலாம்.

இரண்டாம் படி, புழுவைப் பயிருடன் எடுத்துவந்து வளர்த்துத் தாய்ப்பூச்சியாக்குதல். ஒரு கண்ணாடிச் சீசா, மெல்லிய துணி, புதிய தழை ஆகியவை போதும். பொறியில் விழுந்த பூச்சி எந்தப் பயிரைத் தின்று வளர்ந்தது என்பதை அது சொல்வதில்லை. வளர்த்தெடுத்த பூச்சி சொல்லிவிடும். செலவு குறைந்த இம்முறையே பல வேளைகளில் ஐயத்தைத் தீர்க்கிறது.

மூன்றாம் படி, உருப்பெருக்கியின் கீழ்ப் புற உறுப்புகளைப் பார்த்தல்: சிறகின் அகலம், புள்ளிகளும் கோடுகளும், உணர்கொம்பின் அமைப்பு, முகத்திற்கு முன்னே நீண்டோ மேல்நோக்கி வளைந்தோ இருக்கும் உணர்நீட்சிகள், வயிற்று நுனி மயிர்க்கற்றையின் நிறம். நிறங்கள் பழைய மாதிரிகளில் மங்கிவிடும் என்பதை மறத்தலாகாது.

நான்காம் படி, இனப்பெருக்க உறுப்புகளை ஆராய்தல். பூச்சியின் வயிற்றைப் பிரித்தெடுத்து, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மிதமாகச் சூடாக்கி மென்திசுக்களைக் கரைத்து, நீரில் கழுவி, செதில்களை மென்தூரிகையால் நீக்கிக் கிளிசரினில் வைத்துப் பார்க்க வேண்டும். நெருங்கிய இனங்களுக்கிடையே சிறகில் தெரியாத வேறுபாடு இவ்வுறுப்புகளின் கடின பாகங்களில் தெளிவாகத் தெரியும். பயிற்சி பெற்ற ஒருவருக்கு இது கடினமான பணியன்று. ஆனால் பயிற்சி இன்றியமையாதது. பிரித்த உறுப்பைச் சிறு குப்பியிலோ கண்ணாடித் தகட்டிலோ வைத்து, அதற்கும் பூச்சிக்கும் ஒரே எண்ணை இட வேண்டும்.

ஐந்தாம் படி, மரபணுச் சோதனை. 2003-இல் ஹீபர்ட் முதலியோர் முன்மொழிந்த முறைப்படி, செல்லின் ஆற்றலகத்திலுள்ள ஒரு குறிப்பிட்ட மரபணுப் பகுதியில் 658 எழுத்துகளைப் படித்து, ஏற்கெனவே உள்ள தொகுப்போடு ஒப்பிடுகின்றனர். ஒரு கால் போதும். முட்டையும் இளம்புழுவும்கூட இனங்காணத் தக்கவையாகின்றன. எனினும் ஒப்பிடப்படும் தொகுப்பிலேயே தவறான பெயர் ஏறியிருந்தால், விடையும் தவறாகவே வரும். ஆகவே ஒவ்வொரு மரபணுத் தொடருக்கும் பின்னால், மீண்டும் எடுத்துப் பார்க்கத்தக்க ஒரு பூச்சி, பெட்டியில் இருக்க வேண்டும்.

இனக்கவர்ச்சிப் பொறிபற்றியும் ஒரு சொல். மணப்பொருள் ஓர் இனத்தின் ஆணைக் கவர்வதற்கென ஆக்கப்பட்டதாயினும், உறவினங்களும் பிறவும் அதில் வந்து விழுவதுண்டு. பொறியின் பெயரையே பூச்சியின் பெயராக எழுதிவிடுவது தகாது.

மாதிரியைப் பேணுதல்

அந்துப்பூச்சிகளைச் சாராயத்தில் இடுதல் கூடாது, செதில்கள் உதிர்ந்துவிடும். மரபணு ஆய்வுக்கெனத் தனியே சில பூச்சிகளையோ ஒரு காலையோ மட்டும் 95 விழுக்காட்டிற்குக் குறையாத எத்தில் ஆல்ககாலில் இடலாம். மற்றவற்றை எத்தில் அசெட்டேட் ஆவியில் கொன்று, உடல் விறைப்பதற்குமுன் ஊசியில் கோக்க வேண்டும். மிகச் சிறியவற்றை நுண்ணூசியில் கோத்து, அதனை ஒரு நெட்டித் துண்டில் செருகி, அத்துண்டைப் பெரிய ஊசியில் ஏற்றுவது வழக்கம். புழுக்களை முதலில் வெந்நீரில் அமிழ்த்தி எடுத்துப் பின்னரே ஆல்ககாலில் இட்டால் நிறமும் உருவும் ஓரளவு நிலைக்கும்.

சீட்டும் பதிவேடும்

சீட்டில்லாத பூச்சிக்கு அறிவியலில் மதிப்பில்லை. மாநிலம், மாவட்டம், ஊர், இயன்றால் அட்சரேகை, தீர்க்கரேகை, நாள், பிடித்த முறை, பயிர், பிடித்தவர் பெயர் ஆகியவை சீட்டில் இருக்க வேண்டும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதும் மரபு நன்மையானது. 5-6 என எழுதினால் மே 6-ஆ, ஜூன் 5-ஆ என்ற குழப்பம் வரும். இனங்கண்டவர் பெயரும் ஆண்டும் இரண்டாவது சீட்டில் தனியே இடம்பெற வேண்டும். பிற்காலத்தில் பெயர் மாறினால் பழைய சீட்டை எடுத்தெறியாமல் புதிய சீட்டை அதன்கீழ்ச் சேர்க்க வேண்டும்.

ஊர்ப்பெயர் மட்டும் போதாது என்பதற்குப் 'பூசா'வே சான்று. 1905-இல் பீகாரின் பூசாவில் நிறுவப்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், 1934 ஜனவரி 15-இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் சேதமுற்று, 1936-இல் தில்லிக்கு மாற்றப்பட்டது. புதிய வளாகமும் பூசா என்றே வழங்கலாயிற்று. ஆண்டும் மாநிலமும் எழுதப்படாத 'பூசா' என்ற சீட்டு, ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரண்டு இடங்களில் எதையும் குறிக்கலாம்.

பதிவேட்டைப் பொறுத்தவரை நான்கு விதிகள் போதுமானவை.

1. இனம் என்ற பத்திக்கு அருகே 'இனங்காணப்பட்ட முறை' என்றொரு பத்தி வேண்டும். வெறுங்கண், உருப்பெருக்கி, உறுப்பு ஆய்வு, மரபணு என்ற நான்கில் ஒன்றை அங்குக் குறிக்க வேண்டும். எத்தகைய சான்றின்மேல் பெயர் நிற்கிறது என்பதைப் படிப்பவர் அறிய இதுவே வழி.

2. உறுதியாகத் தெரிந்த அளவிற்கே பெயர் எழுத வேண்டும். 'சிர்ப்போபேகா, இனம் உறுதியில்லை' என்ற பதிவு நாளை திருத்தத்தக்கது. ஊகித்து எழுதிய முழுப்பெயர் உண்மைப் பெயரோடு கலந்து, பின்னர் பிரிக்க இயலாததாகிவிடும்.

3. பொறி வைத்தும் பூச்சி விழாத இரவில் 0 என எழுத வேண்டும். மின்தடையால் விளக்கு எரியாத இரவில் 'விளக்கு எரியவில்லை' என எழுத வேண்டும். இரண்டையும் வெற்றிடமாக விட்டால் சராசரி பொய்த்துப்போகும். முழுநிலவு நாட்களில் விளக்குப்பொறியில் வரத்து குறையும். எனவே நிலவின் நிலையையும் குறித்தல் நலம்.

4. ஒவ்வொரு பருவத்திலும் எண்ணப்பட்டவற்றுள் சில பூச்சிகளைச் சீட்டுடன் பாதுகாக்க வேண்டும். பெட்டி எண் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

இவற்றுள் இரண்டாவது விதியே நடைமுறையில் மிகக் கடினமானது. படிவத்தில் வெற்றிடமோ 'உறுதியில்லை' என்ற சொல்லோ இருந்தால், மேலலுவலகம் அதனைக் கடமை தவறியதாகக் கருதித் திருப்பியனுப்பும் பழக்கம் உண்டு. களப்பணியாளர் அதன்பின் ஏதேனும் ஒரு பெயரை எழுதி அனுப்பிவிடுகிறார். படிவம் நிறைவு பெறுகிறது, அறிவு குறைவுபடுகிறது. ஐயத்தை ஐயமாகவே ஏற்றுக்கொள்ளும் படிவங்களை அமைப்பது மேலதிகாரிகளின் பொறுப்பாகும்.

நிறுவனங்களும் பொறுப்பும்

தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் தேசியப் பூசா தொகுப்பு, 1916-இல் நிறுவப்பெற்ற இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தொகுப்புகள், பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள அமைப்பு ஆகியவை ஐயத்திற்குரிய மாதிரிகளை ஒப்பிடத் தக்க இடங்கள். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், புதிய இனம் ஒன்றைக் கண்டறிபவர் அதன் மாதிரியை இதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டுமெனக் கூறுகிறது. புதிய இனத்திற்குச் சட்டம் விதிப்பதை, புதிய மாவட்டப் பதிவுக்கும் புதிய பயிர்ப் பதிவுக்கும் நாமே வழக்கமாகக் கொள்வது நன்று.

2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறை, உழவர் கைப்பேசியில் எடுக்கும் படத்தைக்கொண்டு பூச்சியை அறிய உதவுகிறது. விரைவில் எச்சரிக்கை விடுக்க இத்தகைய கருவிகள் பெரிதும் பயன்படும். ஆனால் சிறகின் மேற்புறத்தில் வேறுபாடே இல்லாத இனங்களைப் படம் பிரித்துக் காட்ட இயலாது. அங்கே படம் முதற்சான்றாக நின்று, வளர்ப்பும் உறுப்பாய்வும் முடிவான சான்றாக அமைய வேண்டும். கருவி பெருகப் பெருக, அதன் விடையைச் சரிபார்க்கும் வகைப்பாட்டியல் வல்லுநரின் தேவையும் பெருகுகிறது.

இதற்கெனப் பெருந்தொகை வேண்டியதில்லை. மாவட்டந்தோறும் ஒரு நல்ல உருப்பெருக்கி, சில பெட்டிகள், உறுப்பாய்வில் பயிற்சி பெற்ற ஒருவர், ஆண்டுக்கொருமுறை தேசியத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு ஆகியவையே தேவை. தவறான பூச்சிக்கென ஒரு பருவத்தில் தெளிக்கப்படும் மருந்தின் விலை உழவரின் கணக்கில் ஏறுகிறது. அம்மருந்தால் மடியும் ஒட்டுண்ணிகளின் இழப்பு எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்தால், பூச்சிக்குச் சரியான பெயரை எழுதச் செய்யும் செலவு பயிர்ப் பாதுகாப்பின் மிகச் சிக்கனமான செலவுகளுள் ஒன்றென்பது விளங்கும். அடுத்த பருவத்தின் விளக்குப்பொறிப் பதிவேட்டில் 'இனங்காணப்பட்ட முறை' என்ற ஒரு பத்தியைச் சேர்ப்பதிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.